அம்பாரி இல்லாத யானை பிழையானதன்று

கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரை எதிர்த்த இந்திய அரசன் போரஸின் படைக்கான, மேசைப் போர் விளையாட்டுக்குரிய 28 மி.மீ. (ஆளின் உயரம்) உலோக உருவங்களில், யானையின் மீது அம்பாரி எனும் மரக் கோபுரம் இல்லாத வார்ப்புகள் வரலாற்றுப் பிழை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கிடைக்கும் சான்றுகள் இதற்கு நேரெதிரானவை. அந்தப் போரை விவரிக்கும் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோடோரஸ், மதிலின் கொத்தளங்களைப் போல யானைகள் நின்றன என்கிறார். அது உவமையே தவிர, முதுகில் கோபுரம் இருந்ததற்கான சாட்சியம் அன்று. மௌரிய அரசவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிசை வழிமொழியும் புவியியலாளர் ஸ்திராபோவும், பாகனும் மூன்று வில்லாளரும் யானையில் ஏறி அதன் முதுகிலிருந்து அம்பெய்தனர் என்று மட்டுமே கூறுகிறார். பிற்காலத்துச் சாஞ்சிப் பௌத்தத் தூபிச் சிற்பங்களிலும் வீரர்கள் இருபுறமும் கால் போட்டே அமர்ந்திருக்கிறார்கள். கோபுரம் வைத்த வார்ப்பு மேசையில் எடுப்பாகத் தெரியும் என்பது வேறு விடயம்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியது காலாளின் வில்: ஏறத்தாழ ஆளுயரத்துக்கு, கீழ்முனை தரையில் ஊன்றி, இடது காலால் அழுத்தி வளைக்கும் தோற்றத்தில் அது இருந்தால் சிற்பி இந்தியப் படையை விவரிக்கும் கிரேக்க மூலநூலைப் படித்திருக்கிறார் என்று நம்பலாம். குதிரை வீரனுக்கு, அக்காலத்தில் இல்லாத அங்கவடி (சேணத்தில் தொங்கும் கால்வளையம்) இருந்தால் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். யானையின் தோள் உயரம் 45 மி.மீ. அளவில் இருப்பது பொருத்தம். பெரிய தந்தங்களைக் கண்டு மிகை என்றும் எண்ண வேண்டாம். திருகோணமலையிலிருந்து கந்தளாய் போகும் வழியில் நாம் காணும் ஆண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் இல்லை, இந்தியாவில் நிலைமை அப்படியன்று.