கோயாசானில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

ஜப்பானின் ஒசாகாவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்றுதான் பல பயணத் திட்டங்களில் கோயாசானைச் சேர்க்கிறார்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். கூகாய் என்ற துறவி 816-ல் தொடங்கிய மலைத்தலம் அது, ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவின் தலைமையிடம். போகவர மட்டுமே நாலு மணி நேரம் கரைந்துவிடும்.

ஒசாகாவின் நம்பா நிலையத்தில் 'நான்காய்' நிறுவனத்தின் ரயிலில் ஏறினால் மலையடிவார நிலையமான கோகுராகுபாஷி வரை போகலாம். சில வண்டிகளில் ஹாஷிமோதோவில் மாற வேண்டியிருக்கும். பிறகு கேபிள் காரில் 5 நிமிடம். மேலே இறங்கியதும் ஊருக்குள் நடந்தே போகலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். அது பேருந்துச் சாலை, நடக்க அனுமதி கிடையாது.

அவசரத்தில் போகிறவர்கள் இழப்பது ஓகுநோயினை. கூகாயின் சமாதிக்குப் போகும் 2 கிலோமீட்டர் பாதை அது. வானுயர்ந்த செடார் மரங்களுக்கு நடுவே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். பேருந்தில் 'ஓகுநோயின்-மாயே' நிறுத்தத்தில் இறங்கினால் நாகனோஹாஷி பாலம் வழியாகக் குறுக்கே நுழைவீர்கள். பழைய கல்லறைகள் நிறைந்த முன்பாதி அப்படியே விட்டுப்போகும். அதற்கு முன்னதாகவே, இச்சினோஹாஷி பாலத்தருகே இறங்குங்கள்.

வழியெல்லாம் கோரின்தோ என்ற ஐந்தடுக்குக் கற்கள் நிற்கும். கீழிருந்து சதுரம் நிலம், உருண்டை நீர், கூம்பு நெருப்பு, அரைவட்டம் காற்று, உச்சியில் ரத்தினம் போன்றது ஆகாயம். பலவற்றில் அ, வ, ர, ஹ, க என்ற வடமொழி பீஜ மந்திர எழுத்துகள் 'சித்தம்' என்ற பழைய இந்திய எழுத்துமுறையில் வெட்டியிருக்கும். சைவ சித்தாந்தத்திலும் நிலத்துக்கு நாற்கோணம், நெருப்புக்கு முக்கோணம்; மற்ற மூன்றுக்கும் வடிவம் வேறு. ஷிங்கோன் குருபரம்பரையில் வரும் வஜ்ரபோதி தென்னிந்தியாவிலிருந்து சீனா போனவர் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்தக் கல்லை விட்டு நகர மனம் வராது.

கடைசியில் கோபியோபாஷி பாலம். அதற்கு அப்பால் படம் எடுக்கக் கூடாது, தொப்பியைக் கழற்ற வேண்டும், தின்னவோ குடிக்கவோ கூடாது. கூகாய் 835 முதல் தியானத்திலேயே இருக்கிறார் என்பது நம்பிக்கை. அதனால் தினமும் காலை 6 மணிக்கும் 10:30-க்கும் துறவிகள் அவருக்கு மரப்பெட்டியில் உணவு சுமந்து போகிறார்கள். ராத்திரி தங்குவதும் ஒரு கோயிலில்தான்; அதன் காலை வழிபாடும் பெரும்பாலும் 6, 6:30-க்குத்தான். முதலில் அதில் உட்காருங்கள், 10:30-க்குப் பாலத்தருகே நில்லுங்கள்.

தாஞ்சோ காரான் என்ற கோயில் வளாகத்தில் 48.5 மீட்டர் உயரத்தில் சிவப்பாக நிற்கும் கோன்போன் தைதோ கோபுரத்தை யாரும் தவறவிட மாட்டார்கள். அதே வளாகத்தில் மலைத் தெய்வங்களுக்கு ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவின் சன்னிதி ஒன்றும் உண்டு, முன்னால் தோரி வாசலோடு. அங்கே இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். புத்தர் சன்னிதிகளில் கைதட்டக் கூடாது, கும்பிட்டால் போதும். பலரும் இதை மாற்றிச் செய்கிறார்கள்.

தங்குமிடம் ஷுகுபோ எனப்படும் கோயில் விடுதிகள். மாலை 5 மணிக்குள் போய்ச் சேருங்கள். இரவுச் சாப்பாடு 5:30, 6 மணிக்கே வந்துவிடும், தாமதித்தால் கிடைக்காமலும் போகலாம். சைவக்காரர்கள் ஜப்பானில் படும் பெரிய அவதி மீன் சாறு. இங்கே பரிமாறும் ஷோஜின் ரியோரி என்ற கோயில் சாப்பாட்டில் மீனும் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. சாறு, 'கொம்பு' என்ற கடற்பாசியிலும் காளானிலும் இறக்கியது. முட்டை, பால் பற்றி மட்டும் முன்பதிவின்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். ஊர் கிட்டத்தட்ட 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒசாகாவில் வெயில் அடித்தாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துவையுங்கள்.