சக்கரத்துக்குள் மோட்டார் இருந்தால் சார்ஜே வேண்டாமா?

‘சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த கார் ஓட ஓடத் தானாகவே சார்ஜ் ஆகும், கம்பெனிகள் இதை மறைக்கின்றன’ என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது பொய். பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். அதைச் சாதாரண மின்சாரக் கார்களே செய்கின்றன.

மறைக்கவும் எதுவும் இல்லை. 1900-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த, ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த கார் முன்சக்கரங்களுக்குள்ளேயே இருந்த மோட்டார்களில்தான் ஓடியது. டிவிஎஸ் ஐக்யூப் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். நடுவில் வட்டமாகத் தெரிவது ஹப் மோட்டார், அதாவது சக்கரத்துக்குள்ளேயே வைத்த மோட்டார்தான்.

சரி, காரில் ஏன் அரிது? எடைதான் முக்கியக் காரணம். மோட்டாரின் கனம், குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்திலேயே ஏறிவிடுகிறது. பள்ளத்தில் இறங்கினால் இடியை மோட்டார் நேராக வாங்கும். கனத்த சக்கரம் துள்ளும், டயரின் பிடி குறையும். தண்ணீர், சேறு, பிரேக் சூடு வேறு. ஆனால் காருக்குள் இடம் மிச்சமாகும், ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக இயக்கலாம். இந்த நன்மைகள் நிஜம்.