அது கிராமத்து ஓசை இல்லைங்க, என்னோட 21 நாள்

போன வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஓர் இணையவழிக் கூட்டம். என் சிறுகதைத் தொகுப்பைப் பற்றி மூன்று பேர் பேச, கடைசியில் நான் ஏற்புரை. வாயைத் திறந்து நாலு வாக்கியம்கூடப் பேசியிருக்க மாட்டேன், கட்டுத்தரையில் எங்கள் மாடு செவலை கத்த ஆரம்பித்தது. பசிக்குக் கத்துவது வேறு, கன்றைத் தேடிக் கத்துவது வேறு. இது அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்துக் கத்துகிற கத்தல். திரையில் எல்லார் முகத்திலும் ஒரே பூரிப்பு. "மியூட் பண்ணிடாதீங்க மேடம், கிராமத்து ஓசை கேட்கவே எவ்வளவு சுகமா இருக்கு!" என்றார் ஒருவர்.

அது கிராமத்து ஓசை இல்லைங்க. மாடு பருவத்துக்கு வந்து கத்துது. கன்று போட்டு மூன்று மாசம் ஆச்சு, ஏற்கெனவே ஒரு தரம் தவறிப்போச்சு. மாடு பருவத்தில் நிற்பது மிஞ்சிப்போனால் 12லிருந்து 18 மணி நேரம். காலையில் கண்டால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலையில் ஊசி. இதை விட்டால் அடுத்த பருவம் 21 நாள் கழித்துத்தான். அந்த 21 நாளும் தீவனம் மட்டும் குறையாது.

முந்தின நாள் சாயங்காலமே அது வாலைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கும், கண்ணாடி மாதிரி கோழை வடிந்திருக்கும். வழக்கமாகப் படுக்கப் போகுமுன் டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்பேன். அன்றைக்குப் போகவில்லை. ஏற்புரை எழுதிக்கொண்டிருந்தேன்! அதனால் திரைக்கு முன்னால் சிரித்தபடி இன்னும் நாற்பது நிமிஷம் எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் மணிக்கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி போடுகிறவர் வேறு ஊரில் இருந்தார். வந்து சேரும்போது சாயங்காலம் ஏழு. "லேட்டுங்க. போட்டுடறேன், சினை நிக்கறது அதோட பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவலை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது வேறொன்று. "உங்களுக்கென்னங்க, மாடு கன்னோட நிம்மதியா உக்காந்து எழுதறீங்க." இந்த ஒரு வாக்கியத்தை இந்த வருஷம் மட்டும் எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்! நிம்மதியா? உக்காந்தா?

எங்கள் காடு தாராபுரம் பக்கம். கிளுவை வேலி போட்ட கொறங்காடு (மேய்ச்சல் நிலம்), நாலு வெள்வேல மரம், மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல். கறவை ரெண்டு, சினை ஒன்று, கெடேரி ஒன்று, மாமனார் காலத்திலிருந்து வழிவழியாக வருகிற காங்கேயம் பசு ஒன்று. பெரிய பண்ணை இல்லைதான். சின்னப் பண்ணையில் என்ன கஷ்டம் தெரியுமா? ஆள் வைத்துக் கூலி கொடுத்தால் பால் காசு அப்படியே அவரோடு போய்விடும். அதனால் எல்லாவற்றுக்கும் நான்தான். மாமா (என் வீட்டுக்காரர்) லாரியில் போனால் வாரத்துக்கு ரெண்டு நாள் வீட்டில் இருப்பார், அதிலும் ஒரு நாள் தூங்குவார்.

நாலேகாலுக்கு எழுந்தால் சாணி அள்ளி, கழுவிவிட்டு, கறந்து, ஆறேகாலுக்குப் பால் சொசைட்டியில் கேனோடு நிற்க வேண்டும். அப்புறம் பிள்ளைகள் பள்ளிக்கூடம். அப்புறம் புல் அறுப்பு. கறவை மாடு ஒன்றுக்கு 25, 30 கிலோ பசுந்தீவனம். அறுத்து வந்ததை நறுக்க வேண்டும், நறுக்க மும்முனை மின்சாரம் வர வேண்டும், அது எப்போது வரும் என்பது அந்த மாரியாத்தாளுக்கே வெளிச்சம். வெயில் காலத்தில் ஒரு மாடு 70, 80 லிட்டர் தண்ணி குடிக்கும். மூன்றரைக்கு மறுபடி கறவை வேலை தொடங்கிவிடும். ஆக எனக்கென்று கிடைப்பது பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் உலகத்தில் இருக்கிற அத்தனை பேரும் போன் பண்ணுகிறார்கள். "ஃப்ரீயா இருப்பீங்கன்னு தெரியும், அதான் கூப்பிட்டேன்" என்று வேறு!

மிச்சம் இருப்பது ராத்திரி. ராத்திரி எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? மறுநாள் தண்ணி பிடிக்கும்போது பக்கத்துத் தோட்டத்து அத்தை நிறுத்திக் கேட்பார்.

"ஏன் அம்மணி, ராத்திரி ஒரு மணிக்கும் லைட்டு எரிஞ்சுதே, மாடு கன்னு போட்டுதா?"

"இல்லீங்க அத்தை, எழுதிட்டிருந்தேனுங்க."

"அட, அதுக்கா..."

அந்த "அதுக்கா" இருக்கிறதே, அதற்குப் பதிலாக ஒரு அறை கொடுத்திருக்கலாம். மாடு கன்று போட்டால் விடிய விடிய லைட்டு எரியலாம், கேள்வியே கிடையாது, காபி போட்டுக்கொண்டுகூட வந்து நிற்பார்கள். கதை எழுத எரிந்தால் அது கரண்டு பில்.

ஊர் இப்படியென்றால் இலக்கியம் அதற்கு மேல். கோயமுத்தூரில் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம் என்று அழைப்பிதழ் வரும். இங்கிருந்து பஸ்ஸில் ரெண்டரை மணி நேரம். அதற்குப் போக வேண்டுமென்றால் சாயங்காலக் கறவையை யார் பார்ப்பது? அத்தைக்கு (என் மாமியார்) முட்டிவலி, மணக்கட்டையில் உட்கார முடியாது. வர இயலாது என்று சொன்னதற்கு ஒரு கவிஞர் கேட்டார், "ஒருவேளை கறக்காம விட்டா என்னங்க ஆகிடும்?"

என்ன ஆகுமா? மடி கட்டிப்போகும். பால் தேங்கி மடிநோய் வரும். எனக்கு அது நடந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல். போன ஆவணியில் ஒரு இலக்கிய விழாவுக்குப் போய் ராத்திரி பத்தரைக்கு வந்து கறந்தேன். ஐந்து மணி என்று போட்ட கூட்டம் ஆறரைக்குத்தான் தொடங்கியது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் மாட்டுக்கு இடது பின்காம்பு கல்லு மாதிரி ஆகி, பால் திரிதிரியாக வந்தது. அந்தக் கூட்டம்தான் காரணம் என்று கோர்ட்டில் நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

மடிநோய்க்குத் தஞ்சாவூர் மரபுசார் மூலிகை மருத்துவ மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய கைமருந்து ஒன்று உண்டு. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் அரைத்துத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். நல்ல மருந்து, எங்கள் மாட்டுக்குக் கேட்டது. ஆனால் பூச வேண்டியது எத்தனை தடவை? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை! ஒவ்வொரு தடவையும் மடியைக் கழுவி, கறந்து வெளியே விட்டு, பூசி. இப்படி ஐந்து நாள். சரியாக அந்த ஐந்து நாளில்தான் பதிப்பகத்திலிருந்து பிழை திருத்த மெய்ப்பு வந்து கிடந்தது. 212 பக்கம். மஞ்சக் கையோடு நான் பார்த்துக் கொடுத்த மெய்ப்பில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி இரண்டு முறை அச்சாகிவிட்டது. அதை ஒரு விமர்சகர் "திரும்பக் கூறலின் அழகியல்" என்று எழுதினார். சிரிப்பதா அழுவதா?

புகைப்படக் கதையையும் கேளுங்கள். பேட்டிக்கு வந்தவர்களுக்கு நான் மாட்டைக் கட்டிப்பிடித்து நிற்க வேண்டுமாம், கைத்தறிச் சேலையில். கறவை நேரத்து வெளிச்சம்தான் நன்றாக இருக்குமாம். மடியைக் கழுவிவிட்டுப் பால் சுரப்பு இறங்கினால் ஐந்து, ஏழு நிமிஷத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் புது ஆள், புது வாசம், முகத்துக்கு நேரே பளிச் பளிச்சென்று வெளிச்சம் என்றால் மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். அன்றைக்கு அடக்கிக்கொண்டது. ஏழு லிட்டர் கறக்கிற மாடு மூன்று லிட்டர் கொடுத்தது. வந்தவரிடம் சொன்னேன். "அருமை மேடம், படைப்பு மனசும் அப்படித்தானே, இதை வச்சே ஒரு கதை எழுதலாமே" என்றார். எழுத மாட்டேன். நாலு லிட்டருக்குக் காசு கொடுங்கள்.

காசு என்றதும் ஒரு கணக்கு. கொழுப்பு 4.3 சதவீதம், கொழுப்பு போக இதரச் சத்து 8.2 சதவீதம் இருந்தால் பசும்பால் லிட்டருக்கு 35 ரூபாய், 2023 டிசம்பரில் அரசு அறிவித்த ஊக்கத்தொகை 3 ரூபாய், ஆக 38. ரெண்டு மாடும் சேர்ந்து ஒரு நாளைக்கு 18 லிட்டர், 684 ரூபாய். என் புத்தகம் 250 ரூபாய், உரிமைத்தொகை பத்துச் சதவீதம், போன வருஷம் விற்றது முந்நூறு பிரதி. 7,500 ரூபாய். ஒரு வருஷ எழுத்து பதினோரு நாள் பாலுக்குச் சமம். பால் காசிலாவது தவிடு, புண்ணாக்கு, கலப்புத்தீவனம் என்று பாதிக்கு மேல் திரும்ப மாட்டுக்கே போகிறது. உரிமைத்தொகை முழுசாக எனக்கே, அந்தப் பெருமை உண்டு. கொடுக்கிற வருஷத்தில்.

அப்புறம் ஏன் எழுதறே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டேன். அப்புறம் ஏன் மாடு வைத்திருக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வேன், போன மாசம் கறவை மாட்டுக் கடனுக்கு ஒரு வங்கிக்குப் போனதைத்தான் இன்னும் செரிக்க முடியவில்லை. படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம். விவசாயி என்றேன். "பட்டா யார் பேர்லங்க?" மாமா பேரில். "சொசைட்டி உறுப்பினர்?" அதுவும் மாமா பேரில்தான். அப்படியானால் எழுத்தாளர் என்று போடுங்கள் என்றேன். "அதுக்கு வருமானச் சான்று இருக்குதுங்களா?" 7,500 ரூபாயை எந்தச் சான்றில் காட்டுவது! அந்தத் தம்பி நல்ல பையன்தான், என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு அவரே தட்டச்சு செய்துகொண்டார். திரையை எட்டிப் பார்த்தேன். "இல்லத்தரசி".

நாலேகாலிலிருந்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரெண்டு வேலை பார்த்ததற்கு மூன்றாவதாக ஒரு பேர்!

இது இப்போது ஏன் கொட்டுகிறேன் என்றால், மார்கழி பிறந்துவிட்டது. இனி வரிசையாகப் போன் வரும். "மாட்டுப் பொங்கலுக்கு ஒரு கட்டுரை வேணும் மேடம், மாட்டுக்கும் உங்களுக்கும் உள்ள உறவு, 600 சொல், நாளைக்குள்ள." சன்மானம் என்று கேட்டால் இதழ்ப் பிரதி அனுப்புகிறோம் என்பார்கள். சென்னைப் புத்தகக் காட்சியும் அதே தை மாசத்தை ஒட்டித்தான், அங்கே "வாசகர்கள் உங்களைத் தேடறாங்க, ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று பதிப்பாளர் வேறு. மாட்டுப் பொங்கலன்று மாடு வைத்திருக்கிறவள் எங்கே இருப்பாள் என்று நினைக்கிறார்கள்?

இந்த வருஷம் ஒரே பதில்தான். கட்டுரை வேண்டுமென்கிறவர்கள் போகியன்று விடிகாலை நாலரைக்கு எங்கள் கட்டுத்தரைக்கு வரலாம். சாணிக்கூடையும் மண்வெட்டியும் வாசலில் இருக்கும். அள்ளிக்கொண்டே இருங்கள், நான் கறந்துகொண்டே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 600 சொல் தாராளமாக வரும். செவலை பக்கம் மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், புது ஆள் என்றால் உதைக்கும்.