கருந்துளையும் கரும்பொருளும் பங்காளிகள் இல்லை

எங்கள் ஆரம்பாக்கம் பக்கத்தில் ராக்கெட் பார்க்க டிக்கெட் வேண்டாம், மொட்டை மாடி போதும். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. 2024 புத்தாண்டு அன்று காலை 9.10க்குக் கிளம்பிய பி.எஸ்.எல்.வி.யையும் அப்படித்தான் பார்த்தோம். அதில் போனது எக்ஸ்போசாட். கருந்துளைகளின் பக்கத்திலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை ஆராயும் செயற்கைக்கோள். புகை கலைவதற்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதிவிட்டார்: "கருந்துளை, கரும்பொருள் எல்லாம் ஒரே கதைதான், எவனும் பார்த்ததில்லை." பக்கத்து ஊர் தடாக்காரத் தம்பி ஒருவர் உடனே தெலுங்கில் "அவுனண்ணா" (ஆமாண்ணா) போட்டார்.

ஒரே கதை இல்லை அண்ணே. கருந்துளை என்பது ஒளியையும் வெளியே விடாத ஈர்ப்புக் குழி. கரும்பொருள் என்பது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் ஏதோ ஒரு பொருள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் வந்தவை.

கருந்துளை முதலில் காகிதத்தில் பிறந்தது. ஒளிகூடத் தப்பமுடியாத அளவுக்கு ஈர்ப்புள்ள விண்மீன் இருக்கலாம் என்று 1783லேயே ஜான் மிச்செல் என்ற ஆங்கிலப் பாதிரியார் கணக்குப் போட்டார். முதல் உலகப் போரின்போது ராணுவத்தில் இருந்துகொண்டே ஷ்வார்ட்ஸ்சைல்டு என்ற ஜெர்மன் வானியலாளர் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு விடை கண்டார், கருந்துளை அந்த விடைக்குள் ஒளிந்திருந்தது. அப்புறம் நம் சந்திரசேகர். மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்துவிட்டு 1930ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. வெண்குள்ளன் எனப்படும் செத்த விண்மீன், ஒரு நிறை வரம்பைத் தாண்டினால் தன் எடையைத் தானே தாங்காமல் நொறுங்கும் என்று கப்பலிலேயே கணக்கிட்டார். அந்த வரம்பு சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1935ல் லண்டன் கூட்டத்தில் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அதைக் கேலி செய்து ஒதுக்கினார். நோபல் வந்தது 1983ல். நம்மவர் என்று நாம் மார்தட்டுகிறோம், அந்தக் கணக்கு என்ன சொன்னது என்று கேட்டால் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

கண்ணுக்கு வேலை வந்தது ரொம்பப் பின்னால். 1971ல் கருந்துளை என்று அடையாளம் காணப்பட்ட சிக்னஸ் எக்ஸ்-1, 2015ல் இரண்டு கருந்துளைகள் மோதியெழுந்த ஈர்ப்பலை, 2019ல் எம்87 கேலக்ஸியின் நடுவிலிருக்கும் கருந்துளையின் நிழல்படம். "எவனும் பார்த்ததில்லை" என்பது அத்தோடு காலாவதி.

கரும்பொருள் தலைகீழ். பார்த்தது முதலில், விளக்கம் இன்றுவரை இல்லை. 1933ல் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர் கோமா என்ற கேலக்ஸிக் கொத்திலுள்ள கேலக்ஸிகளின் வேகத்தைக் கணக்குப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டுமே என்றால் அந்தக் கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும். 1970ல் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை அளந்தபோது, வேகம் குறைய வேண்டிய விளிம்பில் சுற்றுபவையும் வேகம் குறையாமல் சுற்றின. ரூபினுக்கு நோபல் கொடுக்காமலே 2016ல் அவரை அனுப்பிவைத்தார்கள். அது அநியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன்.

கணக்கு இடித்தால் இரண்டு வழிதான் உண்டு: தெரியாத பொருள் ஒன்று இருக்கிறது என்பது, இல்லை ஈர்ப்பு விதியையே திருத்துவது. இதற்கு லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளரைப் பார்க்க வேண்டும். யுரேனஸ் தடம் பிசகியது. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதை இழுக்கிறது என்றார் அவர். 1846ல் நெப்டியூன் அகப்பட்டது. புதனும் பிசகியது. அதே உத்தியில் வல்கன் என்று ஒரு கோளைச் சொன்னார். வல்கன் இல்லவே இல்லை. அங்கே திருத்த வேண்டியிருந்தது ஈர்ப்பு விதியை. அதை 1915ல் ஐன்ஸ்டைன் செய்தார். ஒரே ஆள், ஒரே உத்தி, ஒருமுறை வெற்றி, ஒருமுறை தோல்வி.

கரும்பொருள் நெப்டியூனா, வல்கனா? விதியைத்தான் திருத்த வேண்டும் என்று 1983ல் மில்க்ரோம் என்ற இயற்பியலாளர் சொன்னார். அவரை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் நான் நெப்டியூன் கட்சி. காரணம், 2006ல் வெளியான, புல்லட் எனப்படும் கேலக்ஸிக் கொத்தின் ஆய்வு. இரண்டு கொத்துகள் மோதியதில் வாயு நடுவில் சிக்கிக்கொண்டது, ஈர்ப்போ வாயுவை விட்டுவிட்டு முன்னால் போயிருந்தது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு அந்த வாயுதான். வேறு ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது.

அது கருந்துளைக் குவியல்தானா என்றும் தேடிப் பார்த்தாயிற்று. குறுக்கே இருண்ட பொருள் போனால் பின்னால் உள்ள விண்மீன் சிறிது நேரம் பிரகாசமாகத் தெரியும். அதற்காகப் பக்கத்துச் சிறு கேலக்ஸியான மெகல்லன் மேகத்து விண்மீன்களை 1990களில் வருடக்கணக்கில் கண்காணித்தார்கள், அப்படி மறைந்திருப்பவை போதுமான அளவுக்கு இல்லை. மிச்சம் இருப்பது தெரியாத துகள் என்ற யோசனை. அந்த வேட்டை இப்போது பூமிக்கடியில். சித்தூர் எல்லையைத் தாண்டினால் கோலார் தங்கவயல். நம் வட ஆற்காட்டு ஆட்கள் இறங்கிய அந்தச் சுரங்கத்தில்தான் 1965ல் காற்றுமண்டல நியூட்ரினோ, அதாவது எதையும் ஊடுருவிப் போகும் மிக லேசான துகள், பிடிபட்டது. கரும்பொருளாகக் கணக்குத் தீர்க்க நியூட்ரினோவுக்கு எடை போதவில்லை. அமெரிக்காவில் பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் கரும்பொருள் துகள் வந்து மோதட்டும் என்று டன் கணக்கில் திரவ செனானை (ஒரு வாயு) வைத்துக் காத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு துகளும் சிக்கவில்லை.

இன்னும் இருபது வருஷம் இப்படியே போனால் நானும் மில்க்ரோம் கட்சிக்குத் தாவிவிடுவேன்.