பிரேக்-அப்பை இன்டர்வெலில் வைக்காதீர்கள்

நம்மூர் ரொமான்டிக் காமெடிகளில் பாதி ஒரே இடத்தில்தான் படுக்கின்றன. இடைவேளை முடிந்து, பாப்கார்னோடு திரும்பி வந்து உட்கார்ந்த முதல் இருபது நிமிடத்தில்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 140 நிமிடப் படம், 70வது நிமிடத்தில் இன்டர்வெல். அங்கே ஏதாவது ஒன்று வெடித்தே ஆக வேண்டும் என்பது நம் தியேட்டர் வழக்கம். ஆக்‌ஷன் படம் என்றால் வில்லனை இறக்கலாம். காதல் படத்தில் வெடிக்கக் கையில் இருப்பது பிரிவு மட்டும்தான். அதை அங்கேயே வெடித்துவிட்டால் மிச்ச 70 நிமிடத்துக்குச் சரக்கு? தாடி, டாஸ்மாக், நண்பனின் கவுன்டர், ஒரு சூப் பாட்டு, அவளுக்கு அமெரிக்க மாப்பிள்ளை, கல்யாண மண்டபம். ஹாலிவுட்காரனுக்கு இடைவேளைத் தொல்லை கிடையாது. 100 நிமிடப் படத்தில் பிரிவை 75வது நிமிடத்தை ஒட்டி வைத்து, கொஞ்சம் சோகம், கொஞ்சம் ஓட்டம் என்று முடித்துவிடுவான். நாம் அவனிடமிருந்து அந்த ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம், ஏர்போர்ட் உட்பட.

அப்போ இன்டர்வெலில் என்ன வைப்பது? பிரிவுக்கான காரணத்தை வையுங்கள். இரண்டு பேரில் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது, இன்னொருவருக்குத் தெரியாது; நமக்கு இரண்டும் தெரியும். அந்த நிலையில் விளக்கைப் போட்டால் கேன்டீன் வரிசையில்கூட அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

காரணம் எங்கிருந்து வர வேண்டும் என்பதில்தான் அடுத்த சொதப்பல். முதல் பாதியில் எந்தக் குணத்தைப் பார்த்துச் சிரித்தோமோ, அதே குணம்தான் பிரிக்க வேண்டும். அவன் எதையும் தள்ளிப் போடுகிறவன் என்று பத்து சீன் சிரிக்க வைத்துவிட்டு, பிரிவை மட்டும் யாரோ அனுப்பிய போட்டோவால் வரவழைத்தால் படம் இரண்டாகக் கிழிந்துவிடும். இதற்கு எளிய சோதனை இருக்கிறது. இரண்டு நிமிடம் போனில் பேசினால் தீர்ந்துவிடுமா? தீரும் என்றால் அது பிரேக்-அப் கிடையாது, வெறும் கம்யூனிகேஷன் கேப். அதை வைத்து ஒரு ரீல் ஓட்டலாம், ஒரு பாதி ஓட்ட முடியாது.

லவ் டுடே (2022) இந்தச் சோதனையையே தலைகீழாகப் போட்டது. பெண்ணின் அப்பா இருவரையும் ஒரு நாள் போனை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். சிரிப்பும் அந்த போனிலிருந்து, சண்டையும் அதே போனிலிருந்து. பேசப் பேசத் தீராமல் வளர்கிற சிக்கல். கடைசியில் படத்தின் தராசு நாயகன் பக்கம் கொஞ்சம் சாய்வது என் குறை. ஆனால் யோகிபாபு தன் போனை ஏன் யாரிடமும் தர மறுக்கிறார் என்ற கிளைக்கதையைப் பாருங்கள். அவ்வளவு நேரம் ஜோக்காக இருந்தது ஒரே சீனில் தொண்டையை அடைக்கிறது. புதிதாக எதையும் கொண்டுவரவில்லை, இருந்ததையே திருப்பிக் காட்டினார்கள்.

ஓ மை கடவுளே (2020) படத்திலும் இதே வித்தை உண்டு. மாமனாரின் கம்பெனியில் டாய்லெட்டைச் சோதித்துப் பார்க்கும் வேலை முதலில் வெறும் கேலி. பிறகு மாமனாராக வரும் எம்.எஸ்.பாஸ்கர் தன் தொழிலின் பின்னணியைச் சொல்லும்போது, சிரித்ததற்காக நமக்கே கூச்சமாகிறது. கடவுள், டிக்கெட், இரண்டாவது வாய்ப்பு எல்லாம் வெளி அலங்காரம். படத்தைத் தாங்குவது அந்த டாய்லெட்தான் என்பேன்.

இந்தக் கலைக்குப் பாடம் என்றால் வுடி ஆலனின் ஹாலிவுட் படம் ஆனி ஹால் (1977). சமைக்க வாங்கிய உயிருள்ள லாப்ஸ்டர்கள் (சிங்கி இறால்கள்) சமையலறையில் தப்பி ஓட, காதலர்கள் இருவரும் அலறிச் சிரிக்கிறார்கள். பிரிந்த பிறகு அதே கலாட்டாவை அவன் வேறொரு பெண்ணோடு முயல்கிறான். லாப்ஸ்டர் அதே லாப்ஸ்டர். புதியவளுக்கோ சிரிப்பே வரவில்லை. வயலின் வேண்டாம், மழை வேண்டாம், ‘நான் அவளை மிஸ் பண்றேன்’ என்ற வசனமும் வேண்டாம்.

ஒரு பிரேக்-அப்புக்கு ஒரு ஜோக்கை மூன்று தடவை விதைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை நன்றாகச் சிரிக்க. இரண்டாவது தடவை லேசாக, வேறு வேலை நடக்கும்போது போகிற போக்கில். மூன்றாவது தடவை பிரிந்த பிறகு, சிரிக்க ஆள் இல்லாமல். இரண்டாவதை விட்டுவிட்டால் மூன்றாவது வரும்போது ஆடியன்ஸுக்கு அது ஞாபகமே இருக்காது. எடிட்டிங்கில் ‘லேக்’ (இழுவை) என்று முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான், பாவம்.

முடிவு பற்றியும் ஒரு வார்த்தை. விண்ணைத்தாண்டி வருவாயாவும் அதன் தெலுங்கு வடிவமும் 2010இல் ஒரே நாளில் வந்தன. தமிழில் பிரிந்தார்கள், தெலுங்கில் சேர்ந்தார்கள். இரண்டும் எடுபட்டன. நாயகியின் தயக்கம் முதல் ரீலிலிருந்தே இருப்பதால் முடிவை எந்தப் பக்கம் திருப்பினாலும் நம்ப முடிகிறது. அது முழு காமெடி இல்லைதான். ஆனாலும் சேர்த்து வைப்பதா பிரித்து விடுவதா என்று கதை டிஸ்கஷனில் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கிளைமாக்ஸை விட்டுவிட்டு முதல் ரீலைத் திருத்தப் போகலாம்.

கடைசியாகப் பிரிவு சீனை எடுக்கும் விதம். மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காமெடி நண்பனை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அவன் வாயைத் திறக்கக் கூடாது. பின்னணி இசை வசனத்துக்கு முன்னால் ஓடி வந்து அழக் கூடாது. முக்கியமாக அவளுக்கும் ஒரு நியாயம் எழுதுங்கள், அவன் நியாயத்துக்குச் சமமான எடையில். நம் படங்களில் அவன் நியாயத்துக்கு ஐந்து நிமிடப் பாட்டே கிடைக்கிறது. அவளுக்குக் கிடைப்பது ‘ஸாரி, அப்பா ஒத்துக்க மாட்டார்’.