எஞ்சினுக்கும் உரைகல் உண்டு

(சேலம் கோரிமேட்டில், ஏற்காடு போகும் சாலையோரம் ஒரு மெக்கானிக் பட்டறை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பழனியப்பன், ஒரு கையில் தட்டுவடை செட் பொட்டலமும் மறுகையில் ஒரு தாளுமாக வந்து நிற்கிறார். அவருடைய டீசல் காருக்கு வயது பதினேழு; ஓடியது 3,12,000 கிலோமீட்டர். முகத்தைப் பார்த்தால் காருக்கு அல்ல, அவருக்கே ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததுபோல் இருக்கிறது.)

பழனியப்பன்: சேகர், கையைத் துடைத்துக்கொண்டு வா. காரை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

சேகர்: நேற்றுத்தானே அண்ணா, குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டு வந்தீர்கள்? இருபது கொண்டை ஊசி வளைவும் முனகாமல் ஏறியது என்று நீங்களே சொன்னீர்கள்.

பழனியப்பன்: ஏறியது. உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று பார். ஆயிலைச் சோதனைக்கு அனுப்பியிருந்தேன். கால்சியம் 2,400 பிபிஎம்! துத்தநாகம் 1,100! பாஸ்பரஸ் 950! எஞ்சினே கரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

சேகர்: அவை எஞ்சினிலிருந்து வரவில்லை. ஆயில் தயாரிக்கும்போதே சேர்ப்பது. கால்சியம் அழுக்கைக் கழுவும், அமிலத்தை முறிக்கும். துத்தநாகமும் பாஸ்பரஸும் தேய்மானத்தைத் தடுக்கும். ரசத்தில் மிளகு கிடக்கிறது என்று யாராவது பதறுவார்களா?

பழனியப்பன்: சரி, எதற்குப் பதறுவது என்றாவது சொல். பதறிக்கொண்டு வந்துவிட்டேன், சும்மா திரும்ப முடியாது.

சேகர்: (தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி) இரும்பு 38. லைனர், கிராங்க், கேம் ஷாஃப்ட் எல்லாம் தேய்ந்த கணக்கு இதில் வரும். செம்பு 6, ஈயம் 4, இவை பேரிங் பக்கம். குரோமியம் 2, பிஸ்டன் ரிங். அலுமினியம் 5, பிஸ்டன்.

பழனியப்பன்: அதற்குக் கீழே பார். வெள்ளி 0 என்று போட்டிருக்கிறார்கள்.

சேகர்: அதுவுமா குறை?

பழனியப்பன்: செவ்வாய்ப்பேட்டைக்காரன் கார் என்ற மரியாதைக்காவது ஒன்று போட்டிருக்கலாம்.

சேகர்: சில ரயில் எஞ்சின்களில் வெள்ளி பூசிய பேரிங் உண்டு. அங்கே வெள்ளி ஏறினால்தான் அடிவயிற்றைக் கலக்கும். உங்கள் காரில் அந்தச் செலவெல்லாம் யாரும் செய்யவில்லை.

பழனியப்பன்: அது இருக்கட்டும். 38 என்றால் எவ்வளவு?

சேகர்: பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காருக்கு ஐந்து லிட்டர் ஆயில், எடை நான்கே கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட.

பழனியப்பன்: (விரல் மடக்காமல், உடனே) 163 மில்லிகிராம்.

சேகர்: ஆமாம்.

பழனியப்பன்: இவ்வளவுதானா? ஒரு கொலுசுக்குப் பற்றாசு வைத்து முடிப்பதற்குள் இதைவிட அதிகம் தரையில் சிந்தும். இரு, செம்பு 6 என்றாயே? என்னிடம் 92.5 வெள்ளி வாங்குகிறார்களே, அதில் மீதி ஏழரைப் பங்கும் செம்பு என்றால் 75,000 பிபிஎம்! என் கார் ஓடிக் கறுத்த எண்ணெய் நான் விற்கிற கொலுசைவிடச் சுத்தம்.

சேகர்: இதைக் கடையில் உரக்கச் சொல்லிவிடாதீர்கள். சரி, இந்த ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது? அது தெரியாமல் 38 நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

பழனியப்பன்: படிவத்தில் எழுதியிருக்கிறேனே. 3,12,000.

சேகர்: அது கார் ஓடிய தூரம். ஆயில் ஓடிய தூரத்தைக் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் அடியில் ஒரு குறிப்பு: ‘தூரத்தைத் தயவுசெய்து சரிபார்க்கவும். சரிதான் என்றால், ஆயிலின் பெயரை எங்களுக்கும் தெரிவிக்கவும்.’

பழனியப்பன்: நான் அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

சேகர்: அண்ணா, உங்கள் பட்டறையில் தரையைக் கூட்டி, அந்தக் குப்பையை உருக்கி வெள்ளி எடுக்கிறீர்கள் அல்லவா? ஐம்பது கிராம் கிடைத்தது என்றால் முதலில் என்ன கேட்பீர்கள்?

பழனியப்பன்: ஒரு நாள் குப்பையா, ஒரு மாதக் குப்பையா என்று கேட்பேன். ஒரு மாதம் என்றால் சரி. ஒரே நாள் என்றால் கதவைச் சாத்திவிட்டு ஆட்களை விசாரிப்பேன்.

சேகர்: இதுவும் எஞ்சின் கூட்டிய குப்பைதான். போன முறை நான் ஆயில் மாற்றி 8,000 கிலோமீட்டர் ஆகிறது. எட்டாயிரத்துக்கு 38 என்றால், இந்த வயதுக்கு நான் தூக்கம் கெடமாட்டேன். அடுத்த முறை அதே எட்டாயிரத்துக்கு 90 வந்தால் கதவைச் சாத்துவோம். ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு வண்டியை விற்கக் கூடாது.

பழனியப்பன்: அப்படியானால் கார் பிழைத்ததா?

சேகர்: பொறுங்கள். இந்தச் சோதனைக்குக் கண்ணுக்கே தெரியாத பொடிதான் அகப்படும். பெரிய துகள் ஆயில் ஃபில்டரில் போய் உட்கார்ந்திருக்கும். ஃபில்டரை அறுத்து, மடிப்பை விரித்து, காந்தம் வைத்துப் பார்த்துவிடுவோம். மற்றபடி ஆயிலின் பாகுத்தன்மை 14.1. நாம் ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரி சூட்டில் 12.5-க்குக் குறையாமலும் 16.3-க்குள்ளும் இருக்க வேண்டும், இருக்கிறது. டீசலும் கலக்கவில்லை. (திடீரென்று குரல் இறங்குகிறது) ஐயோ.

பழனியப்பன்: என்ன ஐயோ?

சேகர்: சோடியம் 210. சிவப்பு மையில் வேறு போட்டிருக்கிறார்கள். எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட்டில் சோடியம் இருக்கும், பொட்டாசியம் இருக்கும். கூலன்ட்டையும் ஆயிலையும் கலக்காமல் பிரித்துவைக்கும் ஹெட் கேஸ்கட் போனால் அது ஆயிலில் இறங்கும்.

பழனியப்பன்: (முக்காலியில் உட்கார்ந்து) நான் முதலிலேயே விற்கலாம் என்றேன்.

சேகர்: ஆனால் பொட்டாசியம் 2-தான். தண்ணீரும் இல்லை என்கிறது தாள். கூலன்ட் குறைகிறதா?

பழனியப்பன்: ஆறு மாதமாக ஒரு சொட்டு ஊற்றவில்லை. கோட்டிலேயே நிற்கிறது.

சேகர்: கூலன்ட்டும் குறையவில்லை, தண்ணீரும் இல்லை, சோடியம் மட்டும் எங்கிருந்து வந்தது? ஆயிலை எதில் பிடித்தீர்கள்? ஆய்வகத்தில் ஒரு சின்ன பாட்டில் கொடுத்திருப்பார்களே?

பழனியப்பன்: அது புத்தம்புதிதாகப் பளபளவென்று இருந்தது. உன் அண்ணி எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பதிலாக வேறு ஒன்று கழுவிக் கொடுத்தாள்.

சேகர்: வேறு ஒன்று என்றால்?

பழனியப்பன்: மாங்காய் ஊறுகாய் பாட்டில்.

(லாரி ஒன்று கியர் மாற்றி மலைப்பக்கம் போகிறது. அதுவரை இருவரும் பேசவில்லை.)

சேகர்: ஊறுகாயில் என்ன போடுவார்கள் அண்ணா?

பழனியப்பன்: மாங்காய், மிளகாய்த்தூள், நல்லெண்ணெய்...

சேகர்: அப்புறம்?

பழனியப்பன்: உப்பு. (தாளைப் பிடுங்குகிறார்) உப்பா இது? நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை தெரியுமா! சரி, நீ உத்தமனா என்று பார்ப்போம். சிலிக்கான் 41 என்று இன்னொரு சிவப்பு இருக்கிறதே, அது என் வீட்டுச் சரக்கா?

சேகர்: அது தூசி. சுண்ணாம்புக் கரடு பக்கம் போய்வருகிறீர்கள், ஏர் ஃபில்டர் எங்காவது விலகியிருக்கும்.

பழனியப்பன்: தூசி என்றால் அரம்போலத் தேய்க்காதா?

சேகர்: தேய்க்கும். ரிங்கும் லைனரும் சீக்கிரம் போய்விடும்.

பழனியப்பன்: தேய்த்திருந்தால் இரும்பும் குரோமியமும் ஏறியிருக்க வேண்டும். மண்ணில் அலுமினியமும் இருக்கும், அதுவும் 5-தான். கலப்படம் பிடித்தே முடி நரைத்தவன் நான். போன முறை ஆயில் ஒழுகுகிறது என்று எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை, அந்தச் சம்ப்பைக் கழற்றி மாட்டினாயே, விளிம்பில் ஏதோ சாம்பல் நிறத்தில் பிதுக்கினாய். அது என்ன?

சேகர்: (துணியால் ஏற்கெனவே சுத்தமான ஸ்பேனரைத் துடைத்தபடி) கேஸ்கட் பேஸ்ட்.

பழனியப்பன்: என்ன பேஸ்ட்?

சேகர்: சிலிகான் பேஸ்ட். புதிதாகப் போட்டால் முதல் தடவை கொஞ்சம் ஆயிலில் இறங்கும்...

பழனியப்பன்: எவ்வளவு போட்டாய்?

சேகர்: மெல்லிசாகப் போட வேண்டும். உங்கள் வண்டி என்பதால் பாசத்தில் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டேன்.

பழனியப்பன்: பேஸ்ட்டுக்கு முழு டியூபுக்கும் காசு வாங்கினாய். பாசம் யாருடைய கணக்கு?

சேகர்: தட்டுவடை நமுத்துப் போகிறது அண்ணா, பொட்டலத்தைப் பிரியுங்கள். புது ஆயிலிலும் எட்டாயிரம் ஓட்டிவிட்டு மறுபடி சாம்பிள் எடுப்போம். எஞ்சின் சூடாக இருக்கும்போது, வடிகிற ஆயிலின் நடுவில் பிடிக்க வேண்டும். அந்த ஆய்வகப் பாட்டிலை மட்டும் அண்ணியிடமிருந்து மீட்டுவிடுங்கள். இப்போது அதில் என்ன இருக்கிறது?

பழனியப்பன்: பெருங்காயம்.

சேகர்: பெருங்காயத்துக்குப் பிபிஎம் கிடையாது. ஆனால் ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கும் மூக்கு இருக்கிறது அண்ணா.