குட்டைக் கோதுமை வேறு, மரபணு மாற்றம் வேறு

அண்ணே, "சிங்கப்பூர் தேக்காவில் விற்கும் ஆட்டா எல்லாமே லேப்பில் மரபணு மாற்றிய கோதுமை, அதனால்தான் 1960களிலிருந்து விளைச்சல் எகிறியது" என்று மேலே போட்டிருக்கிறீர்கள். காலக்கணக்கே இடிக்கிறதே! வேறு உயிரின் மரபணுவைச் செடிக்குள் செலுத்தும் வித்தை கைகூடியதே 1980களில்தான்.

அறுபதுகளில் நடந்தது இனக்கலப்பு. கோதுமை தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் செடி. அதனால் பூ முதிருமுன் மகரந்தப்பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கதிருக்கு உறை போட்டு, பிறகு வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தூவவேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை. அப்புறம் தலைமுறை தலைமுறையாக விதைத்து, தேறியதை மட்டும் பொறுக்குவார்கள். ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டைக் கோதுமை ரகத்தின் வழிவந்த குட்டைத்தன்மையை மெக்சிகோவில் பயிர் விஞ்ஞானி நார்மன் போர்லாக்கின் குழு சேர்த்தது இப்படித்தான். நெட்டைச் செடிக்கு உரம் கொட்டினால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். குட்டைத் தண்டு தாங்கும். தண்டு வளரச் செலவாகும் சத்திலும் ஒரு பங்கு தானிய மணிகளுக்குப் போகும்.

மரபணு மாற்றிய கோதுமையே கிடையாது என்று சொல்ல வரவில்லை. எச்பி4 ரகத்துக்கு அர்ஜென்டினா 2020இல் அனுமதி கொடுத்தது. அது வறட்சியைத் தாங்குவதற்காக உருவானது, உங்கள் அறுபதுகளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.